ஏழில் ஒன்று

கறுப்பு டயல், அதைச் சுற்றி நிமிடக் கோடுகள் பொறித்த சுழலும் வளையம், இருட்டில் ஒளிரும் வட்டப் புள்ளிகள், தடித்த ஸ்டீல் செயின். ரோலெக்ஸ் நிறுவனம் 1953இல் முக்குளிப்போருக்காகக் கொண்டுவந்த சப்மரீனர் கைக்கடிகாரத்தின் பெயர் தெரியாதவர்கள்கூட அதன் முகத்தை எங்காவது பார்த்திருப்பார்கள். அவ்வளவு நகல்கள் உலவுகின்றன. நகல் என்றதும் நினைவுக்கு வருவது கடைவீதி டூப்ளிகேட்தான். ஆனால் இன்னொரு வகை நகலும் உண்டு. கூட்டை ஓரிடத்திலும் டயலை வேறிடத்திலும் முட்களை மற்றோரிடத்திலும் வாங்கி, கண்ணில் லென்ஸை இடுக்கிக்கொண்டு, தன் கைக்கென்று ஒருவர் வீட்டு மேசையில் தானே பூட்டிக்கொள்ளும் கடிகாரம் அது. உள்ளே ஓடும் மெஷின் பெரும்பாலும் ஜப்பானின் சீகோ குழுமம் பிற தயாரிப்பாளர்களுக்கும் விற்கும் என்எச்35. எல்லாச் செலவையும் கூட்டினாலும் அசலின் விலையில் நூற்றில் சில பங்கைத் தாண்டாது.

இதை வெறும் ஆசையின் மலிவு வடிகால் என்று ஒதுக்கிவிடலாம். எனக்கு அது நல்லதொரு பரிசோதனையாகத் தோன்றுகிறது. விலை உயர்ந்த ஒரு பொருளில் எவ்வளவு இயற்பியல், எவ்வளவு பெயர் என்று பிரித்துச் சொல்வது கடினம். இரண்டும் ஒரே பெட்டியில் விற்கப்படுகின்றன. பொறுமையுள்ள ஒருவர் அதே வடிவத்தை வீட்டில் செய்து பார்க்கும்போது அவை தாமாகப் பிரிகின்றன. கண்ணுக்குத் தெரிவது எல்லாம் நகலில் வந்துவிடுகிறது. நாளொன்றுக்குச் சராசரியாக எத்தனை வினாடி பிசகும் என்ற கணக்கில்கூட நகல் அசலை எட்டிப் பிடித்துவிடும். கடிகாரத்தைப் படுக்க வைத்தாலும் நிறுத்தி வைத்தாலும், வெயிலிலும் குளிரிலும், முறுக்கு நிறைந்திருந்தாலும் குறைந்திருந்தாலும் அந்தச் சராசரியை விட்டு நகராத நிலைப்பு மட்டும் வர மறுக்கிறது. இயந்திரக் கடிகாரத்தில் அரிது என்று சொல்லத்தக்க பொருள் அந்த ஒன்றுதான் என்பது என் வாதம்.

எளிதாக வந்துவிடுவதை முதலில் பார்த்துவிடலாம். மேலே இருக்கும் சஃபயர் கண்ணாடி அலுமினியம் ஆக்சைடின் படிகம். பிரெஞ்சு வேதியியலாளர் ஒகுஸ்த் வெர்னுய் 1902இல் அந்தப் பொடியைச் சுடரில் உருக்கிப் படிகமாக வளர்க்கும் முறையை வெளியிட்டார். அதே பொருளில் துளி குரோமியம் சேர்ந்தால் மாணிக்கம். பழைய எச்எம்டி வாட்சுகளின் டயலில் '17 ஜுவல்ஸ்' என்று பொறித்திருந்ததே, அந்தக் கற்களும் இப்படி உலையில் பிறந்தவைதான். சஃபயரின் கடினம் மோஸ் அளவுகோலில் 9. காற்றில் பறக்கும் மணல் துகளுக்கு 7. ஆகவே தூசியால் அதைக் கீற முடியாது. 1953இல் வந்த சப்மரீனரில் இருந்ததோ அக்ரிலிக் பிளாஸ்டிக். இன்று வீட்டில் பூட்டிய நகலின் கண்ணாடி, அன்றைய அசலின் கண்ணாடியைவிடக் கடினமானது. ஸ்டீலில் வேறுபாடு உண்டு: ரோலெக்ஸ் பயன்படுத்தும் 904எல் வகையில் நிக்கலும் மாலிப்டினமும் கூடுதல், மற்றவர்களின் 316எல் வகையைவிட உப்பரிப்பை அது நன்றாகத் தாங்கும். ஆனால் 316எல் கூட்டைக் கையில் கட்டிக் கடலில் குளித்துவிட்டு நல்ல தண்ணீரில் அலசி வைப்பவருக்கு அந்த வேறுபாடு தெரியவரப் போவதில்லை.

தண்ணீர் விஷயம் சற்றுக் கடினம். 300 மீட்டர் ஆழத்தில் தண்ணீர் நம் காற்றழுத்தத்தைப்போல் சுமார் 30 மடங்கு கூடுதலாக அழுத்துகிறது. 30 மி.மீ. விட்டமுள்ள கண்ணாடியின் பரப்பு சுமார் 7 சதுர சென்டிமீட்டர். அங்கே அதன்மேல் ஏறும் பாரம் 200 கிலோவுக்கும் மேல். இதைத் தடுத்து நிறுத்துவது சிலிகான் கிரீஸ் தடவிய சில ரப்பர் வளையங்கள். அழுத்தம் கூடக்கூட அதுவே வளையத்தை இடுக்குக்குள் இன்னும் இறுக்கித் தள்ளி அடைத்துக்கொள்கிறது என்பதுதான் இந்த ஏற்பாட்டின் அழகு. ஆனால் வளையத்தின் குறுக்கே ஒரு முடி கிடந்தால் போதும், தண்ணீருக்கு வழி கிடைத்துவிடும். வீட்டில் இதைச் சோதிக்கச் சிறு கருவி இருக்கிறது. பாதி தண்ணீர் நிரப்பிய குடுவையில் கடிகாரத்தை மேலே காற்றில் தொங்கவிட்டு, கைப்பம்பால் அழுத்தம் ஏற்றி, பிறகு தண்ணீருக்குள் இறக்கி, அழுத்தத்தை மெல்லக் குறைக்க வேண்டும். கூட்டில் ஓட்டை இருந்தால் உள்ளே புகுந்த காற்று நூல்போல் குமிழிகளாக வெளியேறும். ஆக, தண்ணீர் புகாத கூட்டையும் வீட்டில் பூட்டலாம், சோதிக்கவும் செய்யலாம். ஐஎஸ்ஓ 6425 என்ற முக்குளிப்புக் கடிகாரத் தரநிலை இதற்கு மேலும் ஒன்றைக் கேட்கிறது: மாதிரிக்கு ஒன்றிரண்டை எடுத்துப் பார்த்தால் போதாது, விற்கும் ஒவ்வொரு கடிகாரத்தையும் எழுதியிருக்கும் ஆழத்தைவிட 25% கூடுதல் அழுத்தத்தில் சோதிக்க வேண்டும். கண்ணுக்குத் தெரியாத உறுதி என்ற சரக்கு இங்கேயே எட்டிப் பார்க்கத் தொடங்குகிறது.

மெஷினையே விலைக்கு வாங்கிவிட்டு 'நான் செய்த கடிகாரம்' என்று சொல்வது நியாயமா என்று கேட்கலாம். கேள்வி நியாயமானதே, ஆனால் அதே கேள்வியை ஸ்விட்சர்லாந்தின் பெரிய பெயர்களிடமும் கேட்க வேண்டும். 1972இல் வந்த ஓடமார் பிகே நிறுவனத்தின் ராயல் ஓக், 1976இல் வந்த பட்டேக் பிலிப்பின் நாட்டிலஸ் இரண்டுக்குள்ளும் ஓடியது ஷேஜர் லெகூல்த்ர் வடிவமைத்த ஒரே அடிப்படை மெஷின். ரோலெக்ஸின் டேடோனா 1988 முதல் 2000 வரை ஜெனித் நிறுவனத்தின் மெஷினைத் திருத்திப் பயன்படுத்தியது. பெங்களூரில் எச்எம்டி தொடங்கியதும் ஜப்பானின் சிட்டிசன் நிறுவனத்தின் கைப்பிடித்துத்தான். ஒருவர் மெஷின் செய்ய, மற்றொருவர் கூடு செய்ய, மூன்றாமவர் சேர்த்துப் பெயர் பொறிப்பது இத்தொழிலில் நூற்றாண்டுப் பழக்கம். பொழுதுபோக்காளர் அந்த மூன்றாமவர் வேலையைத்தான் செய்கிறார். பெயர் பொறிப்பதில் மட்டும் அவர் கை வைக்கக் கூடாது. வடிவத்தைப் பின்பற்றுவது ஒன்று, டயலில் அடுத்தவர் பெயரையும் கிரீடச் சின்னத்தையும் அச்சிடுவது வேறொன்று. இரண்டாவது வணிகச் சின்ன மோசடியின் எல்லை. ஸ்விட்சர்லாந்தில் 2008க்குப் பிறகு, சொந்தப் பயன்பாட்டுக்கு என்று கொண்டுவந்தாலும் சுங்கத்தினர் அதைப் பறிமுதல் செய்யலாம். சட்டம் கிடக்கட்டும். பரிசோதனை என்ற வகையிலேயே அது முட்டாள்தனம். பெயரைக் கழித்துவிட்டு என்ன மிஞ்சுகிறது என்று பார்க்கத்தான் இந்த வேலை. பெயரையே முதலில் ஒட்டிக்கொண்டால் பார்ப்பதற்கு என்ன இருக்கிறது?

இனி உள்ளே போவோம். இயந்திரக் கடிகாரத்தில் நேரத்தை அளப்பது ஒரு சிறு சக்கரமும் அதன் நடுவே பொருத்திய ஒரு மெல்லிய சுருளும். பேலன்ஸ் சக்கரம், ஹேர் ஸ்பிரிங் என்பார்கள் பழுது பார்ப்பவர்கள். டச்சு அறிவியலாளர் கிறிஸ்டியான் ஹைகன்ஸ் 1675இல் இந்த ஏற்பாட்டை வெளியிட்டார். ஊசல் குண்டுக்குப் புவியீர்ப்பு செய்யும் வேலையை இங்கே சுருளின் விறைப்பு செய்கிறது. சக்கரம் இப்படியும் அப்படியும் சுழன்று திரும்புகிறது; ஒவ்வொரு திருப்பத்துக்கும் ஒரு தட்டல். என்எச்35இல் இந்தத் தட்டல் மணிக்கு 21,600, அதாவது வினாடிக்கு 6. இன்றைய சப்மரீனரில் மணிக்கு 28,800, வினாடிக்கு 8. வினாடி முள் வழுக்கிக்கொண்டு போவதுபோல் தெரிவதன் ரகசியம் இவ்வளவுதான். ஒரு நாளில் என்எச்35 ஐந்து லட்சத்து பதினெட்டாயிரம் தடவைக்கும் மேல் தட்டுகிறது. ஒவ்வொரு தட்டலும் ஒரே அளவாக இருக்க வேண்டும்.

சுருளிடம் நாம் கேட்பது எவ்வளவு பெரியது என்பதைக் கணக்குப் போட்டால்தான் தெரியும். சுருளின் தடிமன் மில்லிமீட்டரில் நூற்றில் மூன்று பங்கு அளவில் இருக்கும், தலைமுடியைவிட மெல்லியது. தட்டையான கம்பியின் விறைப்பு அதன் தடிமனின் மும்மடியைப் பொறுத்தது. தடிமன் 1% கூடினால் விறைப்பு 3% கூடும். அலைவு நேரம் விறைப்பின் வர்க்கமூலத்தைப் பொறுத்துக் குறைவதால், அது 1.5% குறையும். ஒரு நாளில் 86,400 வினாடி, அதில் 1.5% என்பது 1,296 வினாடி. மில்லிமீட்டரில் பத்தாயிரத்தில் மூன்று பங்கு தடிமன் பிசகினால், கடிகாரம் நாளுக்கு இருபத்தொரு நிமிடத்துக்கு மேல் முந்திவிடும்! எந்தக் கைக்கும் எந்த வீட்டுப் பட்டறைக்கும் இந்த நுணுக்கம் எட்டாது. சுருளை யாரும் வீட்டில் இழுத்துச் செய்வதில்லை என்பதற்குக் காரணம் சோம்பல் அன்று. கடிகாரத் தொழிற்சாலைகளிலேயே பெரும்பாலானவை சுருளை இதற்கென்றே இருக்கும் ஒரு சில நிறுவனங்களிடம் வாங்குகின்றன.

வெப்பம் இன்னொரு தொல்லை. சாதாரண எஃகுச் சுருள் சூடேறினால் தளரும். எஃகுச் சுருளும் பித்தளைச் சக்கரமும் கொண்ட கடிகாரம் ஒவ்வொரு டிகிரி செல்சியஸ் உயர்வுக்கும் நாளுக்குச் சுமார் 11 வினாடி பின்தங்கும். காலையில் ஏசி அறையிலும் மதியம் வெயிலிலும் திரிபவரின் கையில் அது என்ன பாடு படும் என்று ஊகிக்கலாம். கடிகாரக்காரர் குடும்பத்தில் பிறந்த ஸ்விஸ் இயற்பியலாளர் சார்ல் எத்வார் கியோம், நிக்கலும் இரும்பும் கலந்த உலோகக் கலவைகளை ஆராய்ந்து, வெப்பத்தால் விறைப்பு மாறாத ஒரு கலவையைக் கண்டறிந்தார். அந்த ஆய்வுகளுக்காக 1920இல் இயற்பியல் நோபல் பரிசு அவருக்கு வந்தது. அதே ஆண்டுகளில் நோபல் குழுவின் முன்னிருந்த மற்றப் பெயர்களை நினைத்து இன்றும் சிலர் முகம் சுளிப்பதுண்டு. ஐன்ஸ்டைனுக்கு அடுத்த ஆண்டுப் பரிசுதான் கிடைத்தது. ஆனால் இன்று விலை மலிந்த மெஷினில்கூட அந்த வழியில் வந்த கலவைச் சுருள்தான் இருக்கிறது. கியோமின் வேலை எல்லாருக்கும் பொதுச் சொத்தாகிவிட்டதால்தான் வீட்டு நகல் என்ற பேச்சுக்கே இடம் வருகிறது.

பூட்டிய கடிகாரத்தை ஒழுங்குபடுத்துவது அடுத்த கட்டம். இதற்கு டைம்கிராஃபர் என்ற சிறு கருவி இருக்கிறது. அதன் தாங்கியில் கடிகாரத்தை வைத்தால், உள்ளே இருக்கும் ஒலிவாங்கி ஒவ்வொரு 'டிக்'கையும் கேட்டு, திரையில் புள்ளியாக இடுகிறது. புள்ளிகள் சேர்ந்து கோடாகின்றன. கோடு கிடையாகப் போனால் கடிகாரம் சரி. மேலே ஏறினால் முந்துகிறது, சரிந்தால் பின்தங்குகிறது. ஒன்றுக்குப் பதில் இரண்டு இணைகோடுகள் தெரிந்தால் 'டிக்'குக்கும் 'டாக்'குக்கும் இடைவெளி சமமில்லை என்று பொருள். பின்மூடியைத் திறந்தால் பேலன்ஸ் சக்கரத்தின் மேல் ஒரு சிறு நெம்புகோல் தெரியும். அதன் நுனியில் இருக்கும் இரு ஊசிகளுக்கு நடுவே சுருளின் கடைசிச் சுற்று போகிறது. நெம்பை நகர்த்தினால் சுருளில் ஆடும் பகுதியின் நீளம் மாறும். சுருளின் நீளம் 10 செ.மீ. என்று வைத்துக்கொண்டால், மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு நீள மாற்றம் நாளுக்கு 43 வினாடியைக் கூட்டும் அல்லது குறைக்கும். ஆகவே சாமணத்தின் நுனியாலோ மரக்குச்சியாலோ தொட்டும் தொடாமலும் தள்ள வேண்டும். திரையில் கோடு சட்டென்று திசை மாறுவது தெரியும். என்எச்35க்குத் தயாரிப்பாளர் தரும் உறுதி நாளுக்கு 20 வினாடி பின்னாலிருந்து 40 வினாடி முன்னால் வரை. பொறுமையாக உட்கார்ந்தால் ஒரு மாலைப்பொழுதில் அதைச் சுழியத்துக்கு அருகே கொண்டுவந்துவிடலாம். சப்மரீனருக்கு ரோலெக்ஸ் தரும் உறுதி நாளுக்கு 2 வினாடி முன்பின். திரையில் +1 என்று காட்டும் நகலை வைத்துக்கொண்டு, அசலை எட்டிவிட்டேன் என்று ஒருவர் மகிழ்ந்தால் குற்றமில்லை.

அந்த மகிழ்ச்சி கடிகாரத்தைப் புரட்டிப் போடும் வரைதான். டயல் மேல்நோக்கிப் படுத்திருக்கும்போது பேலன்ஸ் சக்கரம் தன் அச்சின் கூர்நுனியில் நின்று ஆடுகிறது. கடிகாரத்தை நிறுத்தி வைத்தால் அச்சின் பக்கங்கள் கல்லில் உரசுகின்றன. உராய்வு கூடி, ஆட்டத்தின் வீச்சு பல டிகிரி குறைகிறது. சக்கரத்தின் விளிம்பில் எங்காவது சற்றே எடை கூடியிருந்தால் அதன் விளைவும் நிறுத்திய நிலையில்தான் வெளிப்படும். அதிலும் ஒரு வேடிக்கை: வீச்சு ஏறத்தாழ 220 டிகிரிக்குக் கீழே இருக்கும்போது முந்தச் செய்யும் அதே எடைப்பிசகு, அதற்கு மேலே போனால் பின்தங்கச் செய்யும். ஆப்ரஹாம் லூயி ப்ரெகே 1801இல் காப்புரிமை பெற்ற டூர்பியோன், சட்டைப்பையில் எப்போதும் நின்றுகொண்டே இருக்கும் கடிகாரத்தின் இந்தத் தொல்லைக்காக, பேலன்ஸ் முழுவதையும் ஒரு கூண்டில் வைத்துச் சுற்றவிட்ட ஏற்பாடுதான். அப்புறம், நெம்புகோலின் அந்த இரு ஊசிகள். அவற்றுக்கு நடுவே சுருளுக்குச் சிறிது இடம் விட்டிருப்பார்கள். வீச்சு பெரிதாக இருக்கும்போது சுருள் ஊசிகளில் நன்றாக மோதுகிறது; முறுக்கு தளர்ந்து வீச்சு குறைந்தால் குறைவாக மோதுகிறது. அதனால் சாவி நிறைந்த காலையிலும் ஒரு நாள் கழற்றி வைத்த பிறகும் கடிகாரம் வெவ்வேறு வேகத்தில் ஓடும். எடுத்துக்காட்டாகப் படுத்த நிலையில் +1 காட்டும் மெஷின், சாவிக்குமிழ் கீழ்நோக்கி நிற்கும்போது −15 காட்டலாம். நெம்பை நகர்த்தினால் எல்லா எண்களும் சேர்ந்தே ஏறும், சேர்ந்தே இறங்கும். எண்களுக்கு இடையே உள்ள தூரத்தை நெம்பால் தொட முடியாது.

ஸ்விட்சர்லாந்தின் அதிகாரபூர்வ கடிகாரச் சோதனை அமைப்பான காஸ்க் இதை எப்படிப் பார்க்கிறது என்பது என் வாதத்துக்கு வலுவான சான்று. அங்கே ஒவ்வொரு மெஷினையும் 15 நாள் சோதிக்கிறார்கள். ஐந்து நிலைகளில் வைத்து, 8, 23, 38 டிகிரி என மூன்று வெப்பநிலைகளில். தேறுவதற்கு ஏழு அளவைகள். அவற்றில் சராசரித் துல்லியத்தைப் பற்றியது ஒன்றே ஒன்று: நாளுக்கு 4 வினாடி பின்னாலிருந்து 6 வினாடி முன்னால் வரை. மற்ற ஆறும் மாறுதலைப் பற்றியவை. நாளுக்கு நாள் சராசரியாக எவ்வளவு அலைகிறது, அதிகபட்சம் எவ்வளவு அலைகிறது, படுத்த நிலைக்கும் நின்ற நிலைக்கும் என்ன வேறுபாடு, சராசரியிலிருந்து எந்த நாள் மிகவும் விலகியது, ஒரு டிகிரிக்கு எத்தனை வினாடி, கடைசி நாள் மீண்டும் முதல் நாட்களின் வேகத்துக்குத் திரும்பியதா. வீட்டு மேசையில் நெம்பைத் தள்ளித் தேறக்கூடியது இந்த ஏழில் ஒன்று.

கைப்பழக்கத்தால் மற்ற ஆறையும் பிடிக்க முடியாதா என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். முடியாது என்று சொல்ல மாட்டேன். சக்கரத்தின் கனத்த இடத்தைக் கண்டுபிடித்துத் துளித்துளியாகச் சுரண்டலாம்; ஊசிகளின் இடைவெளியைக் குறைக்கலாம்; சுருளின் வெளிச்சுற்றைச் சாமணத்தால் வளைத்து மையத்துக்குக் கொண்டுவரலாம். மான் தீவில் வாழ்ந்த ஆங்கிலேயக் கடிகாரக் கலைஞர் ஜார்ஜ் டேனியல்ஸ் கூட்டிலிருந்து சக்கரம்வரை தன் கையாலேயே செய்து, முறுக்கின் விசையைத் தட்டல் தட்டலாகப் பேலன்ஸுக்குக் கொடுக்கும் பகுதிக்கு, உரசல் குறைந்த கோ-ஆக்சியல் என்ற புதிய விடுவிப்பு முறையையும் கண்டுபிடித்தார். ஒமேகா நிறுவனம் 1999இல் அதைத் தன் கடிகாரங்களில் கொண்டுவந்தது. ஒரு மனிதக் கையால் எவ்வளவு தூரம் போகலாம் என்பதற்கு அவரே சாட்சி. அவர் வாழ்நாள் முழுவதும் செய்தவை சில டஜன்களே என்பது அதற்கு என்ன விலை கொடுக்க வேண்டும் என்பதற்குச் சாட்சி. தொழிற்சாலைகளோ வேறு வழியில் போயின. சப்மரீனரின் மெஷினில் அந்த நெம்பும் ஊசிகளுமே கிடையாது. சுருளைத் தொடாமல் விட்டுவிட்டு, சக்கரத்தின் உள்விளிம்பில் இருக்கும் நுண்ணிய திருகுகளைத் திருகி எடையின் பரவலை மாற்றுகிறார்கள். சுருளோ காந்தம் பாதிக்காத நையோபியம்–ஸிர்கோனியம் கலவை. ஸ்பீக்கர் அருகே வைத்த கைக்கடிகாரம் திடீரென நாளுக்குச் சில நிமிடங்கள் முந்துவதுண்டு. காந்தமேறிய சுருளின் சுற்றுகள் ஒட்டிக்கொண்டு நீளம் குறைவதே காரணம். இந்தத் தீர்வுகள் எல்லாம் அந்த ஆறு அளவைகளை நோக்கியவை. இவற்றை உதிரியாக வாங்கி என்எச்35க்குள் பூட்ட வழியில்லை.

ஆக விலை நியாயம்தானே என்று கடிகாரச் சேகரிப்பாளர்கள் இங்கே புன்னகைக்கலாம். அவ்வளவு சீக்கிரம் வேண்டாம். டிஸோ போன்ற நிறுவனங்கள் காஸ்க் ஏழிலும் தேறிய கடிகாரங்களை சப்மரீனர் விலையில் ஐந்தில் ஒரு பங்குக்கும் குறைவாக விற்கின்றன. நிலைப்பின் விலை அங்கே தெரிந்துவிடுகிறது. மிச்சம் இருப்பது மெருகு, வரிசையில் காத்திருக்க வைக்கும் தட்டுப்பாடு, பெயர். மறுபுறத்தில், சீகோ 1969 டிசம்பர் 25 அன்று முதல் குவார்ட்ஸ் கைக்கடிகாரத்தை விற்பனைக்குக் கொண்டுவந்ததிலிருந்து இந்த வினாடிச் சண்டையே வீண் என்பவர்களும் உண்டு. வினாடிக்கு 32,768 தடவை அதிரும் குவார்ட்ஸ் துண்டு, சில நூறு ரூபாய் கடிகாரத்திலும் மாதத்துக்குப் பதினைந்து இருபது வினாடிதான் பிசகுகிறது. பயன் என்று பார்த்தால் அவர்கள் சொல்வது முழுக்கச் சரி. நேரம் தெரிந்தால் போதும் என்பவர் என்எச்35ஐயும் வாங்க வேண்டாம், ரோலெக்ஸையும் வாங்க வேண்டாம். பேட்டரி இல்லாமல், வெறும் எஃகும் கல்லும் சுருளும் கொண்டு இவ்வளவு தூரம் போக முடிகிறது என்பதில் ஆர்வம் உள்ளவருக்குத்தான் இந்தப் பொழுதுபோக்கு.

அப்படி ஆர்வம் உள்ளவர் நகலைப் பூட்டி முடித்ததும் அசலோடு பக்கத்தில் வைத்துப் படம் எடுப்பதைவிட, ஒரு நோட்டுப் புத்தகத்தை எடுப்பது நல்லது. டயல் மேலே, டயல் கீழே, சாவிக்குமிழ் மேலே, கீழே, இடம், வலம் என்று ஆறு நிலைகளில் ஒவ்வொன்றிலும் கருவி காட்டும் எண்ணை எழுத வேண்டும். முறுக்கு நிறைந்தபோது ஒரு முறை, ஒரு நாள் கழித்து ஒரு முறை. பன்னிரண்டு எண்கள். அவை எவ்வளவு சிதறிக் கிடக்கின்றனவோ அவ்வளவுதான் நகலுக்கும் அசலுக்கும் உள்ள இயற்பியல் தூரம். அந்தச் சிதறலைக் குறைக்க முடியாவிட்டாலும் பயன்படுத்திக்கொள்ளலாம். பகலெல்லாம் கையில் இருந்து சில வினாடி முந்திய கடிகாரத்தை, பட்டியலில் பின்தங்கும் நிலை எதுவோ அந்த நிலையில் இரவு மேசைமேல் வைத்தால், காலையில் ஏறக்குறையச் சரியாக இருக்கும். விலை உயர்ந்த கடிகாரம் வைத்திருப்பவர்களில் விவரம் தெரிந்தவர்களும் இதைத்தான் செய்கிறார்கள். ரோலெக்ஸ்காரருக்கு அந்த வித்தையில் கிடைப்பது ஒன்றிரண்டு வினாடி; நகல்காரருக்குப் பத்தோ பதினைந்தோ கிடைக்கும்.